பழந்தேருக்கு அச்சு மாற்றிய வரலாறு

பழம்பொருளைப் போற்றுவோர் இரு திறத்தினர். ஒரு சாரார் அதனைக் கண்ணாடிப் பேழையுள் வைத்துத் தூசி படியாது காப்பர். மற்றொரு சாரார் அதனைக் கையிலெடுத்து வழங்குவர், தேய்ந்தவிடத்தைச் செப்பனிடுவர், உடைந்தவிடத்தில் வேறொன்றைப் பொருத்துவர். முன்னவர் பின்னவரை நோக்கி, "பொருளைக் கெடுத்தீர்" என்பர். பின்னவர் முன்னவரை நோக்கி, "பொருளை முடக்கினீர்" என்பர். இவ்வழக்கு நூல்களைக் குறித்தும், கட்டடங்களைக் குறித்தும் எழுவதை யாவரும் அறிவர். மோட்டார் வண்டியைக் குறித்தும் எழும் என்பதையும், அதற்குத் தீர்ப்பு வாய்ச்சொல்லால் அன்றி அளவுகோலால் கிடைக்கக் கூடும் என்பதையும் யான் இங்கிலாந்து தேசத்துக் கவன்ட்ரி நகரில் கண்டேன். அதனை நம் கல்லூரி அன்பர்களுக்கு, சிறப்பாகப் பௌதிகம் பயிலும் மாணவ நண்பர்களுக்கு, எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கவன்ட்ரி தொழில் மலிந்த நகரம். முற்காலத்தில் கடிகாரமும், பின்னர்ச் சைக்கிளும், அதன்பின் மோட்டார் வண்டியும் அங்கே பெருந்தொகையாகச் செய்யப்பட்டன. நம் கல்லூரியில் பௌதிகம் பயின்று வெளிப்போந்த பின், தொழில் நிமித்தமாக யான் அந்நகரில் சில்லாண்டுகள் வாழ நேர்ந்தது. என் வீட்டிற்கு அடுத்த வீட்டில் எழுபது வயது கடந்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் இளமையில் அந்நகரின் மேற்கே கேன்லி என்னுமிடத்திலிருந்த டிரையம்ப் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அத்தொழிற்சாலையில் வண்டிகளைக் கூட்டும் பணி 1980-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆயினும் அங்கே செய்யப்பட்ட வண்டி ஒன்று அவர் கொட்டகையில் நின்றது. அதன் பெயர் டிரையம்ப் டி.ஆர். 6, பிறந்த ஆண்டு 1972.

அவ்வண்டியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். அது இருவர் அமரும் திறந்த வண்டி. ஆறு சிலிண்டர்களும் 2,498 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய எஞ்சின் அதன் முன்புறத்தில் உள்ளது. அதன் புறவடிவைத் திருத்தி அமைத்தவர் ஜெர்மனி தேசத்து ஆஸ்னபுரூக் நகரக் கார்மன் கம்பெனியார். 1968 முதல் 1976 வரை தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் இவ்வகையில் செய்யப்பட்டன. அவற்றுள் மிகப் பெரும்பாலன அமெரிக்காவுக்குக் கப்பலேறின. எஞ்சியவற்றுள் ஒன்றே பெரியவருடையது. அதனை அவர் தம் பேத்திக்குக் கொடுக்க விரும்பினார். அப்பெண் அப்போதுதான் வண்டியோட்டும் உரிமம் பெற்றிருந்தாள். கொடுப்பதற்கு முன் வண்டியை அடிமுதல் முடிவரை ஆராய வேண்டுமென்று கருதி, கணக்குப் பார்க்கவும் படம் வரையவும் துணையாக என்னை அழைத்தார். இது நிகழ்ந்தது 2019-ஆம் ஆண்டின் கோடையில்.

ஆராய்ந்தபோது பழுது வண்டியின் பின்புறத்தில் இருப்பது புலனாயிற்று. அதனை விளங்கிக்கொள்வதற்கு டிஃபரன்ஷியல் என்னும் உறுப்பின் இயல்பை அறிதல் இன்றியமையாதது. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் நீண்ட பாதையிலும் உட்சக்கரம் குறுகிய பாதையிலும் செல்கின்றன. இரண்டையும் ஒரே அச்சில் இறுகப் பிணைத்தால் ஏதேனும் ஒன்று தரையில் வழுக்கியே தீரும். எனவே எஞ்சினின் விசையை இருபாலும் பகிர்ந்தளித்து, வேகத்தில் மட்டும் வேறுபட இடங்கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி ஒன்று நடுவே வேண்டப்படுகிறது. பிரெஞ்சு தேசத்துக் கடிகாரத் தொழிலாளியாகிய ஒனேசிஃபோர் பெக்கர் என்பவர் 1820-களில் நீராவி வண்டிக்கென இதனை அமைத்தார். எஞ்சினிலிருந்து வரும் நெடுந்தண்டின் முனையில் பினியன் என்னும் சிறு பல்சக்கரமும், அதனோடு பொருந்திச் சுழலும் கிரவுன் என்னும் பெருஞ்சக்கரமும் இத்தொகுதியின் பெட்டியினுள்ளேயே அமைந்துள்ளன. நம் நாட்டுப் பட்டறைகளிலும் இவ்விரு பெயர்களே வழங்குவதை அன்பர்கள் அறிவர்.

பெரியவரின் வண்டியில் கிரவுனும் பினியனும் தேய்ந்து, ஓடுந்தோறும் ஒருவகை ஊளையை எழுப்பின. அஃது ஒரு குறை. அதனினும் பெரிய குறை, அப்பெட்டியைத் தாங்கும் இரும்புப் பிடி ஒன்றில் மயிரிழை போன்ற விரிசல் ஓடியிருந்தமை. டி.ஆர். 6 வண்டியில் இப்பெட்டி நான்கு முளைகளில், ரப்பர் புஷ்கள் இடையிட, அடிச்சட்டத்தோடு பிணைக்கப்பட்டுள்ளது. நான்கனுள் வலப்புறத்து முன்முளையே பெரும்பாலும் முதலில் நோவது. அதற்குக் காரணம் என்னை? எஞ்சினின் சுழற்சி, பின்னிருந்து நோக்குவார்க்கு, இடஞ்சுழியாக வருகிறது. அம்முறுக்கு பெட்டியின் வலப்பக்கத்தை மேலே தூக்க முயலும். அதே சமயம் சக்கரங்களை முன்னே உருட்டும் விசையின் எதிர்விசை பெட்டியின் மூக்கை மேலே தூக்க முயலும். வலப்பக்கமும் முன்பக்கமும் கூடும் மூலையில் இரண்டு விசைகளும் ஒருங்கே விழுகின்றன. நாற்பத்தேழு ஆண்டு அவ்வாறு இழுபட்ட இரும்பு களைத்துப் போவதில் வியப்பொன்றும் இல்லை.

மூன்றாவது குறை, பெட்டியினின்று இருபுறமும் சக்கரங்களுக்குச் செல்லும் தண்டுகளைப் பற்றியது. இவற்றை டிரைவ் ஷாஃப்ட் என்பர். இவ்வண்டியின் பின்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராது தனித்தனியே மேலும் கீழும் அசைவன. சக்கரம் மேலெழும்போதும் கீழிறங்கும்போதும் பெட்டிக்கும் அதற்கும் இடையேயுள்ள தூரம் மாறுகிறது. ஆகவே தண்டும் நீளவும் குறுகவும் கூடியதாக இருத்தல் வேண்டும். அதற்காக அந்நாளில் தண்டை இரு துண்டாக்கி, நெடுகிலும் பல் வெட்டி, ஒன்றனுள் ஒன்று வழுக்கிச் செல்லுமாறு செருகியிருந்தனர். விசை குறைந்திருக்கும்போது இஃது இனிது வழுக்கும். வண்டியை விரைந்து செலுத்தும்போதோ பல்லோடு பல் அழுந்தி, உராய்வினால் தண்டு விறைத்து நின்றுவிடும். வளைவின் நடுவே ஓட்டுபவர் காலைச் சட்டென எடுத்தால், பற்றியிருந்த பற்கள் ஒருங்கே விடுபடும். வண்டியின் வால் துள்ளும். பழகிய கை அதனைத் தாங்கிக்கொள்ளும். புதிதாக ஓட்டப் பயின்ற பெண்ணின் கை தாங்குமோ?

நான்காவதாகச் சொல்ல வேண்டியது அச்சத்தைத் தருவது. சக்கரத்தைச் சுமக்கும் குற்றச்சானது ஒரே எஃகுத் துண்டு. முதுமையால் அதில் வெடிப்புண்டாகி முறிந்தால், சக்கரம் வண்டியை விட்டு விலகி ஓடிவிடும். அதனைத் தடுத்து நிறுத்த வேறு பிடிப்பு இல்லை. மேலே நோக்கின் வெடிப்புத் தெரியாது. ஆதலால் இவ்வகை வண்டியை உடையோர் பலர் இவ்வுறுப்பை நன்கு ஓடும்போதே மாற்றிவிடுகின்றனர்.

இனி என்ன செய்வது என்னும் வினா எழுந்தது. வழிகள் மூன்று இருந்தன. பழைய பெட்டியையே திறந்து புதிய கிரவுனும் பினியனும் இட்டு, விரிசலை ஒட்டி, தண்டுகளையும் அவ்வகையிலேயே புதுப்பித்தல் ஒன்று. பழைய பெட்டியினுள் மேம்பட்ட உட்பொறியை இடுதல் மற்றொன்று. ஜப்பான் தேசத்துச் சுபாரு வண்டியின் டிஃபரன்ஷியலைப் பொருத்தி, அதற்கும் சக்கரத்துக்கும் இடையே புதிய தண்டுகளைச் செய்வித்தல் மூன்றாவது. முதல் வழி ஊளையைப் போக்கும். வால் துள்ளுவதைப் போக்காது. இரண்டாவது வழியிலும் தண்டின் குறை அப்படியே நிற்கும். மூன்றாவது வழி நான்கு குறைகளையும் ஒருசேரத் தீர்ப்பது. பேத்தி அதனையே விரும்பினாள். யானும் அதற்கே உடன்பட்டேன்.

பெரியவர் உடன்படவில்லை. தம் கையாலும் தம் தோழர் கையாலும் உருவான வண்டிக்குள் அயல்நாட்டு உறுப்பைப் புகுத்தினால், பின்னர் அதனை டிரையம்ப் என்று எவ்வாறு அழைப்பது என்று கேட்டார். தொழிற்சாலை மறைந்தது, உடன் வேலை செய்தோருள் பலர் மறைந்தனர், இவ்வொன்றாவது செய்தவாறே இருக்கட்டும் என்றார். அச்சொல்லில் பிடிவாதத்தைக் காட்டிலும் துயரமே மிக்கிருந்தது. பேத்தி மறுமொழியாக, கொட்டகையில் நிற்கும் வண்டியைத் தான் படமாகவே வைத்துக்கொள்ளலாம் என்றும், தாத்தா ஓட்டியவாறு ஓட்ட வேண்டுமென்பதே தன் ஆசை என்றும் பணிவாகச் சொன்னாள். சில வாரங்கள் இப்பேச்சு அவ்வளவில் நின்றது.

நிற்க, இவ்வுறுப்பின் வரலாற்றை யான் அவருக்கு ஒரு மாலையில் எடுத்துச் சொல்ல நேர்ந்தது. வல்லுநர் இதனை ஆர் 160 என்று வழங்குவர். கிரவுன் சக்கரத்தின் விட்டம் 160 மில்லிமீட்டர் ஆதலின் அப்பெயர். இது நேற்றுப் பிறந்ததன்று. 1967-ஆம் ஆண்டில் வெளிவந்த டாட்சன் 510 என்னும் நிஸ்ஸான் வண்டியில் இவ்வகைப் பெட்டியே இருந்தது. 1968-இல் நிஸ்ஸான் கம்பெனியாரும் சுபாரு வண்டிகளைச் செய்யும் ஃபூஜி கம்பெனியாரும் கூட்டுறவு கொண்டனர். அவ்வழியே வந்த பெட்டி சுபாருவில் நெடுங்காலம் நிலைத்தது. ஆக, டி.ஆர். 6 வண்டியும் ஆர் 160 பெட்டியும் ஏறத்தாழ ஒத்த வயதின. இதனினும் சுவையான செய்தி ஒன்று உண்டு. நிஸ்ஸான் கம்பெனியார் 1952-இல் இங்கிலாந்தின் ஆஸ்டின் கம்பெனியாரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, அவர்தம் வண்டிகளைப் பல்லாண்டுகள் ஜப்பானில் செய்து தொழில் பழகினர். அந்த ஆஸ்டினும் டிரையம்பும் 1968-இல் பிரிட்டிஷ் லேலண்ட் என்னும் ஒரே குடைக்கீழ் வந்தன. இதனைக் கேட்ட பெரியவர் நெடுநேரம் வாளாவிருந்து, பின்னர் நகைத்து, "அங்ஙனமாயின் நாம் கொடுத்த கடனின் வட்டியை வாங்குகிறோம் என்று கொள்ளலாம்" என்றார்.

ஆயினும் அவர் மூன்று நிபந்தனைகளை விதித்தார். அடிச்சட்டத்தில் ஓரிடத்தும் அறுத்தலும் துளைத்தலும் கூடாது. பழைய உறுப்புக்களை எண்ணெய் பூசிச் சீட்டுக் கட்டிப் பெட்டியில் வைத்து, வேண்டும்போது திரும்பப் பொருத்தத் தக்கவாறு காத்தல் வேண்டும். அளவெடுக்கும் வேலை முழுவதையும் தாமே செய்வார். இம்மூன்றும் வேலையைக் கடினமாக்கின. ஆயினும் அவ்வேலை செம்மையாக முடிந்ததற்கும் அவையே காரணமாயின.

பழைய பெட்டி இறக்கப்பட்டது. அதனைத் தாங்கிய பிடியின் விரிசலை ஒரு பட்டறையார் பற்றவைத்துச் சீர்செய்தனர். அது பழுது நீக்கலேயன்றிப் புதிதாக அறுத்ததன்று. சுபாரு பெட்டியைத் தாங்கும் முறை வேறாதலின், இரண்டிற்கும் இடையே எஃகுத் தொட்டில் ஒன்று வேண்டியதாயிற்று. அத்தொட்டிலின் மேற்பக்கம் டிரையம்பின் நான்கு முளைகளுக்கும் ஏற்றவாறும், கீழ்ப்பக்கம் சுபாருவின் போல்ட்டுக்களுக்கு ஏற்றவாறும் அமைக்கப்பட்டது. அதனால் சட்டத்தில் கை வைக்க நேரவில்லை. பெட்டி எவ்வுயரத்தில் எக்கோணத்தில் அமர வேண்டும் என்பதை ரசமட்டமும் தூக்குக்குண்டும் கொண்டு பெரியவர் நிறுவினார். இதன் காரணத்தை மாணவ நண்பர்கள் கவனித்தல் நலம்.

எஞ்சினிலிருந்து வரும் நெடுந்தண்டின் இருமுனைகளிலும் சிலுவை வடிவான கூட்டுக்கள் உள்ளன. இவை 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ராபர்ட் ஹூக் என்னும் பௌதிக அறிஞரின் பெயரால் வழங்குவன. சுருள்வில்லின் நீட்சியைப் பற்றி வகுப்பறையில் நாம் கற்ற விதியைத் தந்தவரும் இவரே. இக்கூட்டு ஒரு கோணத்தில் வளைந்து சுழலுங்கால், உள்ளே செல்லும் வேகம் சீராக இருப்பினும் வெளிவரும் வேகம் சீராக இராது. ஒரு சுற்றுக்கு இருமுறை ஏறியிறங்கும். வளைவு 10 பாகையாயின் அவ்வேற்றத்தாழ்வு இருபாலும் நூற்றுக்கு ஒன்றரை வீதம். முன்கூட்டின் கோணமும் பின்கூட்டின் கோணமும் சமமாய், கவைகளும் நேரொத்து இருப்பின், முன்னது கெடுத்ததைப் பின்னது திருத்திவிடும். அவை சமமாக இல்லையாயின் வண்டி அதிரும். ஆகவே கியர் பெட்டியின் அச்சும் டிஃபரன்ஷியலின் அச்சும் ஒன்றற்கொன்று இணையாக நிற்குமாறு பெட்டியை அமர்த்தினோம். பெட்டியின் முகம் பழைய இடத்தில் அமையாமையால், நெடுந்தண்டையும் வேறு நீளத்தில் செய்வித்துச் சமனாக்க வேண்டியதாயிற்று.

இனிப் பக்கத்தண்டுகளுக்கு வருவோம். இம்முயற்சியின் உயிர்நிலை இவற்றில்தான் உள்ளது. டிஃபரன்ஷியல் சுபாருவினது, சக்கரமும் அதனைத் தாங்கும் கையும் டிரையம்பினது. இவ்விரண்டையும் இணைக்கும் தண்டு எக்கடையிலும் கிடைப்பதன்று. அது சுபாருவுக்கும் உரியதன்று, டிரையம்புக்கும் உரியதன்று. அந்த ஒரு வண்டிக்கென, அதன் இடப்புறத்துக்கு ஒன்றும் வலப்புறத்துக்கு ஒன்றுமாக, அளந்து செய்ய வேண்டுவது. சிறிது நீளமாயின் சக்கரம் மேலெழும்போது தண்டு பெட்டியில் முட்டிப் பேரிங்கை நொறுக்கும். சிறிது குறுகலாயின் சக்கரம் கீழிறங்கும்போது கூட்டு கழன்று விழும்.

இத்தண்டுகளின் இருமுனைகளிலும் சமவேகக் கூட்டுக்களை வைப்பது முடிபு. ஹூக்கின் கூட்டுக்கு உள்ள ஏற்றத்தாழ்வு இவற்றுக்கு இல்லை. அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியில் பணியாற்றிய ஆல்ஃபிரட் ரெஸெப்பா என்பவர் 1920-களில் இதன் சிறந்த வகை ஒன்றைக் கண்டார். ஆறு எஃகு உருண்டைகள் வளைந்த பள்ளங்களில் உருண்டு விசையைக் கடத்துவது அது. 1959-இல் இங்கிலாந்தில் மினி வண்டி வெளிவந்தபோது இத்தகைய கூட்டு மக்கள் வண்டிக்கும் எட்டியது. உட்புறத்துக் கூட்டில் வளைவோடு உள்ளும் புறமும் நகர்வதற்கும் இடம் வைக்கின்றனர். அந்நகர்ச்சி வழுக்கலால் அன்றி உருளலால் நிகழ்வதால், எவ்வளவு விசையிலும் தண்டு விறைப்பதில்லை. வால் துள்ளுவதும் இல்லை.

அளவெடுத்த முறை கேட்கத் தக்கது. பெரியவர் ஒரு பித்தளைக் குழாயும் அதனுள் நகரும் மரக்கோலும் கொண்டு பொய்த்தண்டு ஒன்று செய்தார். சக்கரத்தின் சுருள்வில்லைக் கழற்றிவிட்டு, தாங்கும் கையை ஜாக்கியால் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் கோலில் கத்தியால் கீறினார். மேலெல்லை, கீழெல்லை என இரண்டு இடங்களில் மட்டும் அளந்தால் போதாதோ என்று யான் கேட்டதற்கு, அக்கை சாய்ந்த அச்சில் வட்டமாக அசைவதால் மிக்க நீளமும் மிக்க குறுக்கமும் எல்லைகளில்தான் அமையும் என்பதில்லை என்று விடையளித்தார். ஆகவே ஒரு பக்கத்துக்கு ஏழு நிலைகளில் அளந்தோம். பின்னர் வில்லைப் பொருத்தி, இருவர் அமர்ந்தால் உண்டாகும் எடைக்கு ஈடாக மணல் மூட்டைகளை இருக்கைகளில் வைத்து, வண்டி இயல்பாக நிற்கும் நிலையைக் குறித்தோம். இவ்வளவும் இரண்டு பக்கத்திலும் மும்முறை செய்யப்பட்டது. வலத்தண்டும் இடத்தண்டும் 6 மில்லிமீட்டர் வேறுபட்டன. ஒன்றை அளந்து மற்றதை அதுபோலச் செய்வித்திருந்தால் என்னாகியிருக்கும் என்பதை அன்பர்களே உய்த்துணர்க.

யான் செய்தது கணக்கு. இவ்வெஞ்சினின் உச்ச முறுக்கு சுமார் 220 நியூட்டன் மீட்டர். முதற்கியரில் அது ஏறத்தாழ மும்மடங்காகும். டிஃபரன்ஷியலில் மீண்டும் மூன்றரை மடங்காகும். ஆக 2,300-க்கு மேல். தண்டு ஒன்றுக்கு அதில் பாதி. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 2 மீட்டர் நீளமுள்ள நெம்புகோலின் நுனியில் தொங்கினால் எவ்வளவு முறுக்கு உண்டாகுமோ அவ்வளவு என்று கொள்க. கிளட்சைச் சட்டென விட்டால் இதனினும் மிகும். ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றத் தண்டு பாதிக்கு மேலும் தாங்க நேரும். ஆகவே நிக்கலும் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகில் தண்டுகளைச் செய்விப்பதென முடிவாயிற்று. தண்டு தடித்தவிடத்திலிருந்து மெலிந்தவிடத்துக்கு மாறும் மூலைகளைக் கூர்மையாக விடாது வளைவாகக் கடைய வேண்டும் என்று படத்தில் குறித்தேன். ஏனெனில் எஃகு முறிவது பெரும்பாலும் கூரிய மூலையிலிருந்தே. கடைசற் பட்டறையார் அவ்வாறே கடைந்து, முனைகளில் பல் வெட்டி, நெருப்பிலிட்டுப் பதப்படுத்தித் தந்தனர்.

சக்கரத்தைச் சுமக்கும் குற்றச்சும் அதன் உறையும் புதியனவாக வந்தன. அலுமினியத்தாலான தாங்குகையில் பக்கத்துக்கு ஆறு திருகுமுளைகளால் உறை பிணைக்கப்படுகிறது. மெல்லிய உலோகமாகிய அலுமினியத்தில் எஃகு முளைகளை மிகையாக இறுக்கினால் மரை அழிந்துவிடும். தாங்குகை பழையதாதலின், அம்மரைகளுக்கு எஃகுச் சுருள் இட்டு வலுவாக்கிய பின்னரே இறுக்கினோம்.

புதிய பெட்டியின் விகிதம் 3.54, பழையதின் விகிதம் 3.45. நெடுந்தண்டு அத்தனை முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும் என்பது இதன் பொருள். வேறுபாடு நூற்றுக்கு 2.6 வீதம், எஞ்சின் அவ்வளவு கூடுதலாக உழைக்கும். வேகமானி கியர் பெட்டியினின்று இயங்குவதால், உண்மையில் மணிக்கு 60 மைல் ஓடுங்கால் அது அறுபத்தொன்றரைக்குச் சற்று மேலாகக் காட்டும். குறைத்துக் காட்டுவதினும் மிகுத்துக் காட்டுவது நலமென விட்டுவிட்டோம். இப்பெட்டிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் பனியிலோ சேற்றிலோ வழுக்கினால், மற்றதும் விசையின்றி நின்றுவிடும். இதனுள்ளோ மெல்லிய தகடுகள் சிலிக்கோன் என்னும் பிசுப்பான திரவத்தில் மூழ்கியுள்ளன. இரு சக்கரங்களின் வேகம் மிக வேறுபட்டால், அத்திரவம் தகடுகளைப் பற்றி வழுக்கலை அடக்கும்.

எல்லாம் பொருத்தி, பெட்டியில் முக்கால் லிட்டருக்குச் சற்று மேலாகக் கியர் எண்ணெய் வார்த்து, சக்கரத்தைக் கையால் சுழற்றியபோது ஓசை ஒன்றும் எழவில்லை. அந்நாட்டில் நாற்பது ஆண்டு கடந்த வண்டிகளுள் பெரிதும் மாற்றப்படாதவற்றுக்கு 2018 மே மாதம் முதல் ஆண்டுச் சோதனை கட்டாயமன்று. பெரியவரோ, விலக்கு உண்டென்று அதனை நாடலாகாது என்று கூறி வண்டியைச் சோதனைக்குக் கொண்டு சென்றார். காப்புறுதிக் கம்பெனிக்கும் மாற்றங்களை ஒன்றுவிடாமல் எழுதித் தெரிவித்தார். முதல் நூறு மைல் ஓடியபின் ஒவ்வொரு போல்ட்டையும் மீண்டும் இறுக்கிப் பார்த்தோம்.

வளைவுகள் மலிந்த நாட்டுப்புறச் சாலையில் அவரே முதலில் ஓட்டினார். ஒரு வளைவின் நடுவே வேண்டுமென்றே காலை எடுத்தார். வால் துள்ளவில்லை, வண்டி தண்டவாளத்தில் செல்வதுபோல் சென்றது. சிறிது தூரம் சென்றபின் வண்டியை நிறுத்திச் சாவியைப் பேத்தியிடம் கொடுத்தார். திரும்பி வரும்போது யான் கருத்தைக் கேட்டதற்கு, பழைய ஊளை இல்லாமை தமக்கு ஏதோ போலிருக்கிறதென்றும், ஆயினும் அதனைக் கேட்டு மகிழ வேண்டியது தம் செவியே அன்றி அவள் செவி அன்றென்றும் கூறினார்.

அதன்பின் அவர் செய்த செயல் ஒன்றை யான் என்றும் மறவேன். எஃகுத் தொட்டிலின் அடியில், ஜாக்கி வைத்துக் குனிந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படுமிடத்தில், ஆண்டையும், 3.54 என்னும் விகிதத்தையும், வலத்தண்டு இடத்தண்டு இரண்டின் நீளங்களையும் எழுத்துளியால் அடித்துப் பொறித்தார். என் படங்களின் பிரதியையும் பழைய உறுப்புக்கள் உள்ள பெட்டியிலே வைத்தார். தாம் மறைந்தபின் இவ்வண்டியைத் திறக்கும் தொழிலாளி, உள்ளே இருப்பது யாது, ஏன் வந்தது, எவ்வாறு திரும்பப் பெறலாம் என்பவற்றை யாரையும் கேளாமல் அறிய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

மாணவ நண்பர்களே! முன்னோர் விட்டுச்சென்ற பொருள்கள் நம் கையிலும் உள. வீடாகவும், கருவியாகவும், நிறுவனமாகவும், வழக்கமாகவும் அவை உள. அவற்றுள் சில தேய்ந்துள. சில நாம் காணாதவாறு வெடித்துள. அவற்றை அப்படியே விடுதல் அன்பாகாது. கண்டபடி அறுத்து ஒட்டுதலும் அறிவாகாது. பெரியவரின் மூன்று நிபந்தனைகளில் இரண்டிற்கும் நடுவான வழி இருக்கிறது. அளவைப் பழம்பொருளிடமிருந்தே எடுக்க வேண்டும், கற்பனையிலிருந்து எடுக்கலாகாது. மாற்றியதை மீண்டும் மாற்ற வழி வைக்க வேண்டும். மாற்றியவாற்றை அடுத்து வருபவர்க்கு ஒளியாது எழுதி வைக்க வேண்டும். கடையில் வாங்க இயலாத அந்த இணைப்புத் தண்டை நாமே பொறுமையோடு அளந்து செய்தல் வேண்டும். இவ்வளவும் செய்தபின், பொருள் பழையதோ புதியதோ என்னும் வழக்கிற்கு இடமே இராது. அது தன் தொழிலைச் செய்துகொண்டிருக்கும். அதனை ஓட்டுபவர் இனிது வீடு சேர்வர்.